நெடுந்தீவில் குதிரைச் சவாரி என்று காசு கட்ட முதல்

பதிவு நீளம். ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு கிழமையாக எங்கள் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. கடற்கரை, ஒரு கூடாரம், பின்னால் சூரியன் விழுகிறது, முன்னால் பிடரி பறக்க ஒரு வெள்ளைக் குதிரை, அதன்மேல் ஒரு பெடியன். நெடுந்தீவில் குதிரைச் சவாரியும் கூடார இரவும், பெருநாள் விடுமுறைக்கு இப்போதே பதியுங்கள் என்று கீழே போட்டிருக்கிறார்கள். படத்தில் நிற்பது நெடுந்தீவுக் குதிரை இல்லை. எங்கேயோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரையில் எடுத்த படம். அந்த உயரத்தில், சேணமும் கடிவாளமும் போட்டு, ஆள் ஏறுவதற்காகக் காத்து நிற்கும் ஒரு குதிரையை நாங்கள் அந்தத் தீவில் காணவில்லை. நரியைப் பரியாக்கிய கதை மதுரையில் நடந்ததாகச் சொல்வார்கள். இப்போது அதற்கு ஒரு கைப்பேசி போதும்.

நாங்கள் என்று எழுதுவதற்குக் காரணம், போன ஓகஸ்ட்டில் இதே மாதிரியான ஒரு பயணத்தில் பிள்ளைகளோடு போய்வந்த ஆசிரியர் மூன்று பேரும், கூட வந்த பெற்றோரும் சேர்ந்து கதைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். போய்வந்த பிறகு எங்களிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். "குதிரையில ஏறாமத் திரும்பி வந்தீங்களாமே, ஏன் விடல்ல?" என்று கொஞ்சம் கோபமாகவும் கேட்டார்கள். அதற்கான பதிலும் இதுதான்.

கருத்தை முதலே சொல்லிவிடுகிறோம். நெடுந்தீவுக்குப் போங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். சவாரி என்ற சொல்லைச் சேர்த்து விற்கிற பயணத்துக்கு மட்டும் காசு கட்டாதீர்கள்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட திட்டம் இப்படி. காலையில் வானில் குறிகட்டுவான், அங்கிருந்து படகு, மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் ஆளுக்குக் கால் மணித்தியாலம் குதிரைச் சவாரி, இரவு கடற்கரையில் கூடாரம், விடிய இன்னொரு சவாரி. ஒழுங்கு செய்தவர் யார் என்று கேட்டு இன்பொக்ஸில் வரவேண்டாம், பெயர் சொல்லமாட்டோம். அவர் மட்டும் இப்படிச் செய்கிறார் என்றால் இந்தப் பதிவே தேவையில்லை.

பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போகும் வரைக்கும் எல்லாம் சரி. படகில் ஏறியதும் சோளகம் தன் வேலையைக் காட்டியது. ஓகஸ்ட்டில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு மணித்தியாலம் அளவான ஓட்டம்தான், ஆனால் பாதிப் பேர் காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

இறங்குதுறையில் எங்களை ஏற்ற ஒரு பட்டா வாகனமும் ஒரு லாண்ட்மாஸ்டரும் நின்றன. குதிரை எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். "பின்னேரம் பிடிச்சுத் தருவம்" என்றார்கள். பிடித்துத் தருவோம் என்ற அந்தச் சொல்லிலேயே எங்களுக்கு விஷயம் விளங்கத் தொடங்கிவிட்டது. பழக்கி வைத்திருக்கிற குதிரையை யாரும் பிடிக்கத் தேவையில்லை.

பின்னேரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தீவின் தெற்குப் பக்கத்துப் புல்வெளியில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டு நின்றது, பதினைந்து இருபது இருக்கும். இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் கயிற்றோடு போய் அந்தக் கூட்டத்தைக் கலைத்தார்கள். குட்டியோடு நின்ற ஒரு பெண்குதிரையை ஒரு முருகைக்கல் வேலி மூலைக்குள் ஒதுக்கப் பார்த்தார்கள். தாய் வேலியைப் பாய்ந்துவிட்டது. குட்டி இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அது கத்திய சத்தம் எங்கள் பிள்ளைகள் யாருக்கும் இன்றைக்கும் மறக்கவில்லை. நிறுத்துங்கள், எங்களுக்குச் சவாரி வேண்டாம் என்று கூட வந்த வாப்பா ஒருவர் சத்தம் போட்டபிறகுதான் மோட்டார் சைக்கிள் நின்றது.

அதே நேரம், எங்களோடு சம்பந்தமில்லாத இன்னொரு கூட்டம், தெற்கில் இருந்து வந்த இளைஞர்கள், மரத்தில் கட்டியிருந்த ஒரு மட்டக்குதிரையில் முறை வைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் ஏறியபோது குதிரை பின்னங்காலைத் தூக்கி எறிந்தது. அவர் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்து, தீவு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அடுத்த நாள் படகில் யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். இரவில் படகுக்கு வழியில்லாத இடத்தில் தலையில் அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடல் கடந்துபோய் விழுந்தால் கடல் கடந்துதான் வைத்தியத்துக்கு வரவேண்டும்.

கூடாரமும் நடக்கவில்லை. சோளகக் காற்றில் முதல் கூடாரத்தை அடித்து முடிக்க முதலே அது படகுப் பாய் மாதிரி ஊதிக்கொண்டு எழும்பிவிட்டது. தெரிவு செய்த இடத்தில் தங்குவதற்கு அனுமதியும் எடுத்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஊர் ஆட்கள் ஒரு பொதுமண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். பாய் கொண்டுவந்து தந்தார்கள். தண்ணீர் அருமையான ஊரில் எங்கள் வுழூவுக்கு என்று இரண்டு குடம் கொண்டுவந்து வைத்த அந்த அம்மாவுக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறோம்.

அந்தக் குதிரைகள் யார்? எங்கள் பிள்ளைகளில் பலர் புத்தளத்தில் பிறந்தவர்கள், அல்லது அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள். 1990 ஒக்டோபரில் இந்த மண்ணை விட்டுப் போகச் சொன்ன பிறகு, திரும்பி வரும் வரை இந்தத் தீவுகள் அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் இருந்த பெயர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்தது கற்பிட்டி, புத்தளம் தெருக்களில் திரிகிற கழுதைகள். அதனால் நெடுந்தீவுக் கதையை அவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கேயும் சொல்கிறோம்.

நெடுந்தீவு 50 சதுர கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட இருக்கும். யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள பெரிய தீவுகளில் ஒன்று. ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களை எல்லாத் தீவுகளுக்கும் வைத்தார்கள். வேலணைக்கு லெய்டன், காரைநகருக்கு அம்ஸ்டர்டாம். அவற்றில் இன்றும் வழக்கில் நிற்பது நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் மட்டும்தான். போர்த்துக்கேயர் காலத்திலேயே குதிரைகள் வந்தன என்று சொல்கிறார்கள். ஒல்லாந்தர் அதை ஒரு குதிரைப் பண்ணையாகவே நடத்தினார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற லெப்டினன்ட் அங்கே இருந்து குதிரை வளர்ப்பைப் பார்த்துக்கொண்டார். குதிரை லாயம் என்று இன்றும் காட்டுகிற கல்தூண்கள் அந்தக் காலத்து மிச்சம். பிறகு பண்ணை தேவையில்லாமல் போய்விட்டது. ஆட்கள் போனார்கள், குதிரைகள் நின்றன. இன்று நிற்பவை அவற்றின் பிள்ளைகளுடைய பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் கட்டாக்காலி என்று ஒரு சொல் இருக்கிறதே, கட்டிவைக்க ஆளில்லாதது, அந்தக் கட்டாக்காலிக் குதிரைகள்தான் இவை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், அப்ப இதுகளிண்ட வீட்டுக்காரங்க இனி வரவே மாட்டாங்களா?" நாங்கள் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளை, "இதுகள்தான் இப்ப வீட்டுக்காரங்க" என்றான்.

தலைமுறை தலைமுறையாகக் கட்டாக்காலியாகத் திரிகிற குதிரைப் பரம்பரையை, அரை மணித்தியாலத்தில் பிடித்துச் சவாரிக்குத் தருகிறோம் என்பவர் ஒன்று குதிரையை அறியாதவர், அல்லது உங்களை மடையர் என்று நினைக்கிறவர். குதிரை இரையாகிற மிருகம். சிங்கமும் புலியும் பாய்ந்து விழுவது அதன் முதுகில்தான். அதனால் பழக்காத குதிரையின் முதுகில் எது ஏறினாலும் அதற்கு ஒரே அர்த்தம், சாவு. துள்ளும், உதைக்கும், கடிக்கும். அது திமிர் இல்லை, உயிர்ப் பயம். கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார். தெரியாமல் பின்னால் போய் வாலைத் தொட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு உதை நெஞ்சில்தான் விழும். காது இரண்டையும் பின்னால் மடித்தால் கிட்டப் போகாதே என்று அர்த்தம். இந்த மூன்று விஷயத்தையும் அந்த விளம்பரக்காரர் யாருக்காவது சொல்லியிருப்பாரா?

பழக்குவதற்கு மாதங்கள் வேண்டும். மூன்று நான்கு வயதுக்கு முதல் முதுகில் பாரம் ஏற்றுவதில்லை. நல்ல தீனி தின்று நன்றாகப் பழகிய குதிரைகூடத் தன் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் சுமக்கலாம் என்று கணக்குச் சொல்வார்கள், அதுவும் சேணத்தோடு சேர்த்து. 200 கிலோ மட்டக்குதிரை என்று வைத்தால் 40 கிலோ. எங்கள் பத்தாம் ஆண்டுப் பெடியன்களில் 40 கிலோவுக்குக் கீழே எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அன்றைக்கு மணிக்கட்டை முறித்துக்கொண்ட தம்பி எண்பதுக்குக் குறையமாட்டார். சேணம் இல்லாமல் முதுகெலும்பின் மேல் நேரே இருந்தார்.

இதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர்.

நெடுந்தீவு முழுக்கச் சுண்ணக்கல். மாரி மழை நிலத்துக்குள் இறங்கி, உவர் தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. கிணற்றில் அள்ளுவது அந்தப் படையைத்தான். வைகாசிக்குப் பிறகு வெயிலும் சோளகமும் சேர்ந்து அதைக் குடிக்கத் தொடங்கும். ஆவணி புரட்டாதியில் குளங்கள் காய்ந்து வெடிக்கும், பல கிணறுகள் உவர்க்கும். மனிதருக்கே தட்டுப்பாடு. ஒரு சின்னக் குதிரைக்கும் வெயில் நாளில் 20 லீற்றர் அளவில் தண்ணீர் வேண்டும், குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு இன்னும் கூட. கடும் வறட்சி வந்த வருடங்களில் அந்தக் குதிரைகள் தண்ணீர் இல்லாமல் விழுந்து செத்ததை நாங்கள் எல்லாரும் செய்திகளில் பார்த்தோம், ஒரு நாள் கவலைப்பட்டு அடுத்த செய்திக்குப் போனோம்.

இப்போது யோசியுங்கள். தண்ணீருக்காகப் பல மைல் நடந்து வருகிற ஒரு கூட்டத்தை, தண்ணீர்க் கரையில் வைத்து மோட்டார் சைக்கிளில் துரத்தினால் என்ன நடக்கும்? குடிக்காமல் ஓடும். ஓடி வியர்க்கும். வியர்த்த தண்ணீருக்கு ஈடு இல்லை. வயிற்றில் குட்டி இருந்தால் அதுவும் சேர்ந்து ஓடுகிறது. பதினொரு மாதம் சுமக்கிற மிருகம் அது. ஆளுக்குக் கால் மணித்தியாலம் என்று விற்கப்படுவதன் விலை அங்கே வேறு ஒரு உயிரின் கணக்கில் எழுதப்படுகிறது.

சாப்பாடு போடுகிறோம் என்று பாண், புரியாணி மிச்சம், வாழைப்பழத் தோல் எல்லாம் எறிகிறார்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாதது வயிற்றுக்குள் போனால் அது வெளியே வர வேறு வழியில்லை, வயிற்று நோவில் உருண்டு உருண்டே செத்துப்போகும். சொப்பிங் பையோடு விழுங்கினால் கேட்கவே தேவையில்லை. இது எங்கள் சனத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். எங்கே போனாலும் சகன் எடுத்துக்கொண்டு போகிற ஆட்கள் நாங்கள், மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவரவும் பழகுவோம்.

குதிரையை அறியாமல் குதிரைக்கு ஆசைப்படுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதை எழுதிவைத்திருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்து வியாபாரிகள் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரை கொண்டுவந்து பாண்டிய அரசர்களுக்கு விற்றார்கள். வருட முடிவில் நூறுகூட உருப்படியாக மிஞ்சாது. காரணம், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, லாடம் அடிக்கத் தெரிந்தவர் இல்லை, சோற்றோடு இறைச்சியைக் கலந்து தீனியாகப் போட்டார்கள். லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள் இங்கே வந்து சேராமல் அந்த வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம். அந்தக் குதிரைகள் இறங்கிய காயல் துறையோடு எங்கள் மூதாதையர் பலருக்கு உறவு உண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமையை எடுத்தால் இந்தப் பாதியையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு வாப்பா எங்களிடம் நியாயமாக ஒரு கேள்வி கேட்டார். குதிரை ஏறப் பழக்குவது மார்க்கத்தில் விரும்பப்பட்டதுதானே, அதைத் தடுக்கலாமா என்று. தடுக்கவில்லை ஹாஜியார். நுவரெலியாவில் பழக்கிய குதிரைகள் இருக்கின்றன. கொழும்புப் பக்கத்தில் குதிரையேற்றம் முறையாகப் பழக்குகிற இடங்கள் இருக்கின்றன. தொப்பி போட்டு, பக்கத்தில் ஆள் நின்று, குதிரைக்குத் தண்ணீர் வைப்பதில் இருந்து குளம்பு துடைப்பது வரைக்கும் சொல்லித் தருவார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். குதிரை ஏறுவதைச் சிறப்பாக நினைத்த அந்த மனிதர்களின் வீட்டில் குதிரை ஒரு குடும்ப ஆளாக இருந்தது. தங்களுக்கு முதல் அதற்குத் தீனி வைத்தார்கள். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரின் கதையை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தாகித்த குதிரையைத் துரத்துவதற்குக் காசு கட்டச் சொன்னால் பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. நெடுந்தீவுச் சனத்துக்கு வருமானம் வேண்டாமா? வேண்டும். ஆஸ்பத்திரிக்கும், பெரிய படிப்புக்கும், சாமானுக்கும் கடல் கடக்க வேண்டிய சனம் அது. படகு ஓடாத நாளில் அவர்கள் படுகிற பாட்டை ஒரு நாள் நின்று பார்த்தோம். அவர்கள் சுற்றுலாவில் நாலு காசு உழைப்பதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நாங்கள் பிழை சொல்லக்கூடாது. ஆனால் அந்தச் சவாரிக் காசில் தீவுக்குப் போனது எவ்வளவு என்று விசாரித்தோம். கயிற்றோடு வந்த இரண்டு தம்பிமாருக்கும் நாட்கூலி. மிச்சம் பண்ணைப் பாலத்துக்கு இந்தப் பக்கம். கூலிக்கு வந்த அந்தப் பெடியன்களில் எங்களுக்குக் கோபம் இல்லை. தீவு ஆட்களே சேர்ந்து, திணைக்களத்தின் அனுமதியோடும் மிருக வைத்தியரின் மேற்பார்வையோடும் நாலைந்து குதிரைகளை முறையாகப் பழக்கி, தீனியும் தண்ணீரும் உறுதிப்படுத்தி ஒரு சவாரி நடத்தினால் முதல் ஆளாக நாங்களே பிள்ளைகளைக் கூட்டிவருவோம். கூடுதலாகக் காசும் கொடுப்போம். அதற்கு வருடக்கணக்கில் உழைப்பு வேண்டும். அது வரும் வரைக்கும் சமையல், தங்குமிடம், வழிகாட்டல், லாண்ட்மாஸ்டர் ஓட்டம், ஒடியல், கருவாடு இவற்றுக்குக் கொடுக்கிற காசு நேரே அவர்கள் கைக்குப் போகும். பேரம் பேசாமல் கொடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2015இல் நெடுந்தீவில் ஒரு பகுதியைத் தேசிய பூங்காவாக அறிவித்துவிட்டார்கள், 1,800 ஹெக்டேயருக்கு மேல். பூங்காவுக்குள் விலங்குகளைத் துரத்துவதும் பிடிப்பதும் குற்றம். நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கவும் முடியாது, வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டுபோய் அப்படி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் விளம்பரம் போட்டவர் போனை நிறுத்திவிடுவார், வலயத்தில் போய் விளக்கம் கொடுப்பது ஆசிரியர்தான்.

அமெரிக்காவில் அசட்டீக் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கேயும் இப்படித்தான், எப்போதோ விடப்பட்ட குதிரைகள் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. அங்கே சனம் கூடாரம் அடித்துத் தங்கவும் செய்கிறது. ஆனால் குதிரைக்கு 40 அடிக்குள் போகக்கூடாது, தீனி போடக்கூடாது, தொடக்கூடாது என்று விதி. ஒரு பஸ் நீளம் தள்ளி நில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சவாரி இல்லாமலேதான் அந்தத் தீவுக்கு அவ்வளவு சனம் போகிறது. அவ்வளவு தூரம் போவானேன், மன்னாரில் தெருவில் அடிபட்டுக் கிடந்த கழுதைகளுக்கு ஒரு சிகிச்சை நிலையம் வைத்தார்கள். அதைப் பார்க்கவே இப்போது வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். கழுதைக்கு நடந்தது குதிரைக்கு நடக்காதா?

எங்கள் பயணத்தில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டாம் நாள் சுபஹு தொழுதுவிட்டு, பிள்ளைகளோடு ஒழுங்கை ஒன்றில் நடந்துபோனோம். இரண்டு பக்கமும் முருகைக்கல் வேலி, சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கியது. ஒரு வளவுக்கு வெளியே பழைய சீமெந்துத் தொட்டி. வயதான ஐயா ஒருவர் துலாவில் இறைத்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். யாருக்கு ஐயா என்று கேட்டோம். "மாடும் குடிக்கும், அதுகளும் வரும்" என்றார். எங்கள் பெடியன்களைப் பார்த்து, "தம்பிமார், வேலிக்குப் பின்னால போய்ச் சத்தம் போடாம இருங்கோ" என்றார்.

இருந்தார்கள். பத்தொன்பது பிள்ளைகள், வகுப்பறையில் ஐந்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவர்கள், அரை மணித்தியாலம் கல்வேலிக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். முதலில் ஒரு கிழட்டுப் பெண்குதிரை வந்தது. தலையைத் தூக்கி எங்கள் பக்கம் காற்றை மோந்தது. பிறகு குடித்தது. அது குடிக்கத் தொடங்கிய பிறகுதான் மற்றவை வந்தன. குட்டிகள் தாய்களின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு. ஆண்குதிரை தள்ளி நின்று காவல் பார்த்து, எல்லாம் குடித்து முடிய, கடைசியாக வந்தது. அதற்குத் தொட்டியில் மிச்சம் இருக்கவில்லை. அடியை நக்கியது. ஐயா உள்ளே போய் இன்னும் நாலு வாளி கொண்டுவந்து, அது விலகி நிற்கும் வரை பொறுத்து நின்று ஊற்றினார். எங்கள் பெடியன்கள் இருவர் பிறகு போய் அவருக்கு இறைத்துக் கொடுத்தார்கள். ஒரு வாளி இறைப்பதற்குள் ஒருவனுக்குக் கை காய்த்துவிட்டது.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் வயல் வெளிகளிலும் ஆவுரஞ்சிக் கல்லையும், பக்கத்தில் கேணியையும் இன்றும் காணலாம். வாயில்லாச் சீவனுக்குத் தண்ணீர் வைப்பதைத் தருமமாக நினைத்த நாடு இது. அவற்றில் பலது தூர்ந்து போயிருக்கின்றன, சிலதுக்கு மேல் கடை எழும்பியிருக்கிறது, அது வேறு கதை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள். பிரதேச சபைக்கும் திணைக்களத்துக்கும்: இறங்குதுறையிலேயே மூன்று மொழியிலும் ஒரு பலகை வையுங்கள், குதிரையில் ஏறாதே, துரத்தாதே, தீனி போடாதே என்று. வெயில் மாதங்களில் தொட்டிகளை நிரப்பும் வேலையை யாராவது நல்ல மனம் வைத்தால் நடக்கும் என்ற நிலையில் விடாமல், ஒழுங்கான பொறுப்பாக எடுங்கள். பவுசர் வரும் நாள் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயணம் ஒழுங்கு செய்கிற தம்பிமாருக்கு: விளம்பரத்தில் இருந்து அந்தக் குதிரையை எடுத்துவிடுங்கள். விடியற்காலைத் தண்ணீர்த் தொட்டி என்று போடுங்கள், பிள்ளைகள் வருவார்கள், நாங்கள் சாட்சி. ஓகஸ்ட்டில் கூடாரம் கூடாரம் என்று நிற்காமல் மண்டபத்தை ஒழுங்கு செய்யுங்கள்.

பெற்றோருக்கு: முற்பணம் கட்டியவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். குதிரையைப் பழக்கியவர் யார்? தங்குவதற்கு எழுத்தில் அனுமதி இருக்கிறதா? பதில் வராவிட்டால் காசைத் திருப்பிக் கேளுங்கள். எங்களுக்குச் சவாரிக் காசு திரும்பி வர இரண்டு மாதம் பிடித்தது, ஆனால் வந்தது. அந்தக் காசில் பாதியைப் பிள்ளைகளே சேர்ந்து அந்த ஐயாவின் தொட்டி வெடிப்பைப் பூசச் சீமெந்துக்கு அனுப்பினார்கள்.

பெருநாளுக்குப் பிறகு மறுபடியும் போகிறோம். வாடை அடங்கி, சோளகம் பிடிக்க முதல் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும் நாட்கள் அவை. வர விருப்பமானவர்கள் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வெளி வராந்தாவுக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு வாளியும் கொஞ்சம் கயிறும் கொண்டுவர வேண்டும்.